பல்பு மாற்றுவதும் படிப்புதான்!

(மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை)



ஆண்டு மலர் என்றால் நாட்டுப்பற்று பற்றி ஒரு கட்டுரை, அறிவியல் வளர்ச்சி பற்றி ஒரு கட்டுரை, அம்மாவைப் பற்றி நாலு கவிதை கட்டாயம் இருக்கும். அவை எல்லாம் வேண்டியவைதான். நான் எழுத எடுத்துக் கொண்டது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. காரின் முன்பக்கம் ஹெட்லைட்டை ஒட்டி, கட்டைவிரல் பருமனில் ஒரு பல்பு இருக்கிறதே, இண்டிகேட்டர் பல்பு, அதைப் பற்றித்தான். அது போய்விட்டால் வீட்டு வாசலிலேயே மாற்றிக் கொள்ளலாமா, ஒர்க்ஷாப்புக்குத்தான் போக வேண்டுமா?

"இதெல்லாம் ஒரு தலைப்பாடா?" என்று பக்கத்து பெஞ்ச் நண்பன் சிரித்தான். சிரிக்கட்டும். என் கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். அந்தப் பல்பை வண்டிக்காரர் தன் கையாலேயே மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். கை நுழைகிற மாதிரி வண்டியைச் செய்வதும், மாற்றும் வழியைத் தமிழில் எழுதித் தருவதும் தயாரிப்பாளரின் கடமை. அதை ஊருக்குக் கற்றுக் கொடுப்பது டிப்ளமோ படிக்கிற நம் கடமை. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைப் பொறுமையாகப் படியுங்கள்.

அந்த விளக்கு யாருக்காக?

ஹெட்லைட் ஓட்டுகிறவருக்காக எரிகிறது. அது அணைந்து போனால் ரோடு தெரியாது. உடனே வண்டியை ஓரங்கட்டி விடுவார். முன் இண்டிகேட்டர் அப்படி இல்லை. ஓட்டுகிறவர் சீட்டில் உட்கார்ந்தபடி அதைப் பார்க்கவே முடியாது. எதிரே வருகிறவருக்காக மட்டுமே அது எரிகிறது.

நம் நாட்டில் சாலையின் இடது பக்கம் ஓட்டுகிறோம். இடது பக்கம் திரும்புவதில் பெரிய சிக்கல் இல்லை. வலது பக்கம் திரும்பும்போதுதான் எதிர் வரிசையைக் குறுக்கே வெட்டிக் கொண்டு போக வேண்டும். நான்குவழிச் சாலையில் எங்கள் ஊர் விலக்கில் பொழுது சாய்ந்த பிறகு அரை மணி நேரம் நின்று பார்த்தால் இது புரியும். எதிரே பால்கேன் கட்டிய வண்டியில் ஒருவர் வருவார். ஆலை வேலை முடிந்து மூன்று பேராக ஒரே பைக்கில் வருவார்கள். விலக்கில் நிற்கும் கார் திரும்பப் போகிறதா, அப்படியே நிற்கப் போகிறதா என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியது அந்த வலது முன் பல்பு ஒன்றுதான். பின்னால் எரிகிற விளக்கு அவர்கள் கண்ணில் படாது. அந்தப் பல்பு அணைந்திருந்தால் கார் ஒன்றுமே சொல்லாமல் குறுக்கே வருகிறது என்று அர்த்தம்.

அடிபடப் போகிறவருக்கு மட்டும் தெரிகிற குறை அது. ஓட்டுகிறவருக்குத் தெரியாது. அதனால்தான் அந்தப் பல்பு மாதக்கணக்கில் மாற்றப்படாமலே கிடக்கிறது.

கையை நீட்டிய காலம்

மோட்டார் வண்டி வந்த புதிதில் இண்டிகேட்டர் கிடையாது. கையை வெளியே நீட்டித்தான் காட்டினார்கள். 1914-ஐ ஒட்டி அமெரிக்காவில் ஃப்ளாரன்ஸ் லாரன்ஸ் என்ற மௌனப்பட நடிகை, ஒரு பொத்தானை அழுத்தினால் வண்டியின் பின்பக்கம் கொடி மாதிரி ஒரு கை எழும்புகிற சாதனத்தைத் தன் காருக்காக உருவாக்கினார். அதற்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. 1939-ல் ப்யூக் கம்பெனி தன் கார்களில் கண் சிமிட்டும் மின்விளக்கைத் தொழிற்சாலையிலேயே பொருத்திக் கொடுத்தது. இங்கிலாந்தின் மாரிஸ் மைனர் காரில் கதவுக்குப் பின்னால் இருந்து நீண்டு வரும் சின்னக் கைகாட்டி இருந்தது. 1961-ல்தான் அதை எடுத்துவிட்டுச் சிமிட்டும் விளக்கு வைத்தார்கள்.

நம் ஊரிலும் இதற்குச் சட்டம் இருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 102-ஆவது விதி, இண்டிகேட்டர் விளக்கு ஆம்பர் நிறத்தில் இருக்க வேண்டும் என்றும், நிமிடத்துக்கு 60 முறைக்குக் குறையாமலும் 120 முறைக்கு மேற்படாமலும் சிமிட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. ஆம்பர் என்றால் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறம். சட்டத்தில் நிறமும் வேகமும் தெளிவாக இருக்கின்றன. பல்பை மாற்றத்தான் ஆளைக் காணோம்!

நாம் படித்த பாடம் இங்கே இருக்கிறது

நண்பர்களே, ஓம் விதியை எத்தனை முறை எழுதியிருப்போம்? பரீட்சைக்கு எழுதினோம், ரெக்கார்டு நோட்டில் எழுதினோம். அதைக் காரின் முன்னால் நின்று ஒரு தடவை எழுதிப் பார்ப்போம்.

பெரும்பாலான கார்களில் முன் இண்டிகேட்டர் பல்பு 12 வோல்ட், 21 வாட். 21-ஐ 12-ஆல் வகுத்தால் 1.75 ஆம்பியர். ஒரு பக்கத்துக்கு முன் பல்பு ஒன்று, பின் பல்பு ஒன்று, பக்கவாட்டில் 5 வாட் சின்னப் பல்பு ஒன்று என்று வைத்துக் கொண்டால் மொத்தம் 47 வாட், ஏறக்குறைய 3.9 ஆம்பியர். முன் பல்பு போய்விட்டால் மிச்சம் 26 வாட், 2.2 ஆம்பியருக்கும் கீழே இறங்கிவிடும். எலக்ட்ரானிக் ஃபிளாஷர் இந்தக் குறைவைக் கண்டுபிடித்துச் சிமிட்டும் வேகத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிவிடுகிறது. டேஷ்போர்டில் "டிக்... டிக்..." என்று கேட்க வேண்டியது "டிக்டிக்டிக்டிக்" என்று படபடக்கிறது அல்லவா? பலரும் அதை ஃபிளாஷர் கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். உண்மையில், "ஐயா, இந்தப் பக்கம் ஒரு பல்பு இல்லை" என்று வண்டி நம்மிடம் சொல்கிறது. பழைய வெப்பவகை ஃபிளாஷர்களில் இதற்கு நேர்மாறு. உள்ளே உள்ள உலோகத் தகடு சூடாவதற்குக் கரண்ட் போதாமல் சிமிட்டல் மந்தமாகும். இல்லையென்றால் சிமிட்டாமல் எரிந்தபடியே நிற்கும்.

எது பழுது என்று கண்டுபிடிப்பதும் நாம் படித்த பாடம்தான். நான்கு மூலையிலும் ஒன்றுமே எரியவில்லை என்றால் ஃபியூஸையோ ஃபிளாஷரையோ பார்க்க வேண்டும். ஒரே ஒரு விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் பல்பு, ஹோல்டர், எர்த் வயர் இந்த மூன்றில் ஒன்று. இண்டிகேட்டர் போடும்போது பக்கத்தில் உள்ள பார்க்கிங் விளக்கும் மங்கலாகக் கூடவே துடித்தால் எர்த் சரியில்லை. கரண்ட் திரும்பிப் போக நேர்வழி இல்லாமல் சுற்றுவழி தேடுகிறது என்று பொருள். இவ்வளவையும் கண்டுபிடிக்க நமக்கு லேப் வேண்டாம். கண் இருந்தால் போதும்.

வீட்டு வாசலில் மாற்றுவது எப்படி?

இஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, எல்லா லைட் ஸ்விட்சையும் அணைத்து வையுங்கள். இப்போதுதான் ஓடி வந்த வண்டி என்றால் கொஞ்சம் ஆறவிடுங்கள். இஞ்சின் சூடும் பல்பின் சூடும் கையைச் சுட்டுவிடும்.

பல்புக்கு எந்த வழியாகப் போவது என்பது வண்டிக்கு வண்டி மாறும். பழைய வண்டிகள் பலவற்றில் முன்பக்கமே இரண்டு ஸ்டார் ஸ்க்ரூ இருக்கும். கழற்றினால் ஆம்பர் நிறக் கண்ணாடி மூடி கையோடு வரும், உள்ளே பல்பு. இப்போதைய வண்டிகளில் பானட்டைத் திறந்து ஹெட்லைட்டின் பின்புறம் கையை விட வேண்டும். ஹோல்டரை இடமாகக் கால் சுற்று சுற்றினால் பல்போடு சேர்ந்து வெளியே வரும். சில வண்டிகளில் சக்கரத்துக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் தடுப்பைக் கொஞ்சம் விலக்கினால்தான் கை போகும்.

பல்பு இரண்டு வகை. பித்தளை அடியும் இரண்டு பக்கம் குமிழும் உள்ளது ஒன்று. அதை உள்ளே அமுக்கி, இடமாகத் திருப்பி எடுக்க வேண்டும். இழுத்தால் வராது, உடையும். இன்னொன்று கண்ணாடி அடி உள்ளது. அதை நேராகப் பிடித்து இழுத்தால் வந்துவிடும்.

கடைக்குப் போகும்போது பழைய பல்பைக் கையில் கொண்டு போங்கள். இதை நான் முக்கியமாகச் சொல்கிறேன். கண்ணாடி மூடி ஆம்பர் நிறமாக இருந்தால் உள்ளே வெள்ளைப் பல்பு இருக்கும். அதற்குப் பெயர் பி 21 டபிள்யூ. மூடி நிறமில்லாததாக இருந்தால் பல்பே ஆம்பர் நிறமாக இருக்கும், அது பி.ஒய். 21 டபிள்யூ. இரண்டும் அளவில் ஒன்று போலவே இருக்கும். ஆனால் வெள்ளைப் பல்பில் குமிழ்கள் ஒன்றுக்கொன்று நேரெதிராக, 180 டிகிரியில் இருக்கும். ஆம்பர் பல்பில் 150 டிகிரியில் சற்றுத் தள்ளி இருக்கும். ஒன்றின் ஹோல்டரில் மற்றது உட்காரக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். நிறமில்லாத மூடிக்குள் வெள்ளைப் பல்பு போனால் இண்டிகேட்டர் வெள்ளையாகச் சிமிட்டும், எதிரே வருகிறவர் குழம்புவார். எவனோ ஒருவன் யோசித்துப் பார்த்து, தப்பு நடக்க முடியாதபடி இரண்டு குமிழைத் தள்ளி வைத்தானே, அவனும் நம்மைப் போல டிராயிங் ஷீட் முன்னால் உட்கார்ந்தவன்தான்! சிலர் அந்தக் குமிழை அரத்தால் ராவிவிட்டு வலுக்கட்டாயமாகத் திணிக்கிறார்கள். அது வேண்டாம்.

ஹோல்டருக்குள் பச்சை பூத்திருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடையுங்கள். ஈரம் இருந்தால் ரப்பர் வாஷர் போய்விட்டது என்று அர்த்தம். அதையும் மாற்றாவிட்டால் அடுத்த மழைக்கு மறுபடி இதே வேலைதான். புதுப் பல்பைச் சுத்தமான துணியால் பிடித்து மாட்டுங்கள். ஹெட்லைட்டில் உள்ள ஹாலஜன் பல்பில் விரல் எண்ணெய் பட்டால் அது சீக்கிரம் போய்விடும். இந்த 21 வாட் பல்புக்கு அவ்வளவு பயம் இல்லை. ஆனாலும் உடைந்தால் கையைக் காப்பாற்ற ஒரு துணி நல்லது. மூடியை மாட்டும் முன்பே ஸ்விட்சைப் போட்டுச் சரிபாருங்கள். ஸ்க்ரூவைப் பலமாக முடுக்காதீர்கள். பிளாஸ்டிக் மூடி விரிசல் விட்டால் பல்பு விலையைப் போலப் பல மடங்கு ஆகிவிடும்.

அவ்வளவுதான் வேலை. தடை பல்பில் இல்லை என்பதை இனிமேல்தான் சொல்லப் போகிறேன்.

டேஷ்போர்டில் கிடந்த புத்தகம்

என் அப்பா வாடகைக் கார் ஓட்டுகிறார். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். வண்டி பழசாக வாங்கியது, தவணை இன்னும் முடியவில்லை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான்.

போன வருடம் அப்பாவின் காரில் வலது முன் இண்டிகேட்டர் எரியவில்லை. ஒரு ஒர்க்ஷாப்பில் (பெயர் வேண்டாம்) காட்டினார். "பம்பரைக் கழட்டணும்ணே, அசெம்பிளியா மாத்திடலாம். வண்டிய ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க" என்றார்கள். சொன்ன தொகை ஒரு மாதத் தவணையில் பாதி. அதைவிட அந்த இரண்டு நாள் பெரிய விஷயம். வாடகை வண்டி வாசலில் நின்றால் அன்றைக்கு வீட்டில் வருமானம் இல்லை. "பார்த்துக்கலாம்" என்று அப்பா வந்துவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு வாரம், வலது பக்கம் திரும்பும்போதெல்லாம் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் கொண்டே ஓட்டினார். பகலில் கை தெரியும். ராத்திரி யாருக்குத் தெரியும்?

நான் லீவுக்கு வந்தபோது டேஷ்போர்டைத் திறந்தேன். வண்டியோடு கொடுத்த புத்தகம் பிளாஸ்டிக் உறையோடு அப்படியே இருந்தது. முழுவதும் இங்கிலீஷ். பல்பு மாற்றுவது எப்படி என்று படத்தோடு இரண்டு பக்கம் போட்டிருந்தது. பம்பரைக் கழட்டச் சொல்லவே இல்லை. காற்று வடிகட்டிப் பெட்டிக்கும் விளக்குக்கும் நடுவில் கை போகும் அளவுக்குச் சந்து இருந்தது. கால் சுற்று சுற்றினேன், ஹோல்டர் வந்துவிட்டது. கடைக்குப் போய் வந்த நேரத்தையும் சேர்த்து முக்கால் மணி நேரம். பல்பின் விலை இரண்டு பேர் டிபன் சாப்பிடும் காசுகூட இல்லை.

நான் கெட்டிக்காரன் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. எனக்குக் கோபம் வந்தது எதில் என்றால், அந்த இரண்டு பக்கமும் அத்தனை வருடமாக அப்பாவின் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்திருக்கிறது. முப்பது வருடமாக ஸ்டியரிங் பிடிக்கிறவருக்குப் பல்பு மாற்றும் கைப்பக்குவம் இல்லாமல் இல்லை. எழுதியிருந்த மொழிதான் அவருடையது இல்லை. தமிழ்நாட்டில் விற்கிற தீப்பெட்டியிலிருந்து உர மூட்டை வரை தமிழில் எழுதியிருக்கும்போது, லட்சக்கணக்கில் பணம் வாங்கிக் கொண்டு விற்கிற காருக்கு நாலு பக்கம் தமிழில் போட முடியாதா?

கை நுழையாத கார்கள்

இன்னொரு பக்கம், கை நுழையவே முடியாதபடி சில வண்டிகளைச் செய்கிறார்கள். பார்க்க அழகாக, ஒல்லியாக, கண்ணை இழுத்துவிட்ட மாதிரி விளக்கு வேண்டும் என்கிறார்கள். அழகு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒரு பல்புக்காகப் பம்பரையே கழற்ற வேண்டும் என்றால் அது என்ன பொறியியல்?

இது முடியாத காரியம் இல்லை. ஐக்கிய நாடுகள் சபையின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம், வண்டி விளக்குகளைப் பொருத்துவது பற்றி வகுத்துள்ள 48-ஆம் எண் விதியில் இதைச் சொல்லியிருக்கிறது. மாற்றக்கூடிய பல்பு உள்ள விளக்காக இருந்தால், வண்டியோடு தரும் கருவிகளைத் தவிர வேறு விசேஷக் கருவி இல்லாமல் அதை மாற்ற முடிய வேண்டும். மாற்றும் முறையை விவரமாக எழுதி வண்டியோடு தர வேண்டும். ஆனால் விளக்கையே மூடி முத்திரை வைத்துவிட்டால் இந்த விதி அதற்குப் பொருந்தாது. இப்போது வருகிற எல்.இ.டி. விளக்குகள் பல அந்த ரகம்தான்.

எல்.இ.டி.யைக் குறை சொல்ல நான் வரவில்லை. அது கரண்ட் குறைவாக எடுக்கும், சாதாரணப் பல்பு சில நூறு மணி நேரம் உழைத்தால் அது பல ஆயிரம் மணி நேரம் உழைக்கும். கேள்வி என்னவென்றால், அது போகிற அன்றைக்கு என்ன செய்வது? முழு விளக்கையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். பழைய வண்டியில் எல்.இ.டி. பல்பை மாட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது 2, 3 வாட்தான் எடுக்கும் என்பதால் பல்பு போய்விட்டது என்று ஃபிளாஷர் நினைத்துக் கொண்டு படபடவென்று அடிக்கும். அதைச் சமாளிக்க 6 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்து மாட்டுகிறார்கள். 12-ஐ 12-ஆல் பெருக்கி 6-ஆல் வகுத்துப் பாருங்கள், 24 வாட்! மிச்சம் பிடித்த கரண்ட் எல்லாம் சூடாகப் போகிறது. அதைப் பிளாஸ்டிக்கில் ஒட்டி வைத்தால் பிளாஸ்டிக் உருகும்.

உதிரிபாகப் பிரச்சினை நம் நாட்டில் வழக்காகவே வந்திருக்கிறது. உதிரிபாகங்களையும் பழுது கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததாக 14 கார் கம்பெனிகளுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 ஜூலையில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது. முதலில் எடுத்துக் கொண்ட துறைகளில் மோட்டார் வாகனமும் ஒன்று. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளமும் தொடங்கினார்கள். நல்ல ஆரம்பம்தான். ஆனால் உரிமை என்பது கோர்ட்டிலும் கம்ப்யூட்டரிலும் மட்டும் இருந்தால் போதாது. பானட்டைத் திறந்தால் கை நுழைய வேண்டும், புத்தகத்தைத் திறந்தால் புரிய வேண்டும்.

இரண்டு கேள்விகள்

"எல்லோரும் வீட்டிலேயே மாற்றிக் கொண்டால் மெக்கானிக் பிழைப்பு என்ன ஆவது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நம்மில் எத்தனையோ பேருடைய அண்ணன், மாமா எல்லாம் அந்தத் தொழிலில்தான் இருக்கிறார்கள். ரோட்டோர எலக்ட்ரீஷியன் பல்பு மாற்றி மாளிகை கட்டவில்லை. ஓடி வருகிற வண்டிக்குப் பல்பை மாட்டிவிட்டு, "இருக்கட்டும்ணே, பல்புக் காசு மட்டும் குடுங்க" என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர் வயிற்றில் அடிப்பது முத்திரை வைத்த விளக்கு; வீட்டில் பல்பு மாற்றுகிறவர் இல்லை. வண்டிக்காரரின் கை நுழையாத இடத்தில் அவர் கையும் நுழையாது. இந்த விஷயத்தில் வண்டிக்காரரும் மெக்கானிக்கும் ஒரே பக்கம்.

"தெரியாமல் கைவைத்துப் பெரிய செலவாகிவிட்டால்?" என்று கேட்பார்கள். எதில் கைவைக்கக் கூடாது என்பதும் படிப்புதான். செனான் வகை ஹெட்லைட் இருந்தால் அதன் வயரைத் தொடாதீர்கள். அதைப் பற்றவைக்க ஆயிரக்கணக்கான வோல்ட் போகிறது. ஆரஞ்சு உறை போட்ட வயர் உள்ள மின்சார வண்டி, ஹைபிரிட் வண்டிகளில் அந்த வயர் பக்கமே போகாதீர்கள். ஒரு தடவைக்கு மேல் ஃபியூஸ் எரிந்தால் பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிக்காதீர்கள், எலக்ட்ரீஷியனிடம் போங்கள். 21 வாட் பல்பு அந்த ரகம் இல்லை.

கரி படாத கை

மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதை வெளியில் யாரும் கேட்பதில்லை. வீட்டில் கேட்கிறார்கள். நான் பானட்டுக்குள் கையை விட்டு நின்றபோது அம்மா வாசலில் இருந்து சொன்னார்கள்: "கையில கரி படாம உத்தியோகம் பாக்கத்தானப்பா உன்னைப் படிக்க வெச்சோம்?"

அம்மா சொன்னதில் தப்பில்லை. கரி பட்ட கைக்கு இந்த ஊரில் என்ன மரியாதை கிடைக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். அப்பாவை "டிரைவர், இங்க வாய்யா" என்று என் வயதுப் பையன்கள் கூப்பிடுவதை அவர்கள் கேட்டிருக்கிறார்கள். அதனால் பிள்ளை சட்டை மடிப்புக் கலையாமல் மேஜை முன்னால் உட்கார வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். நம் கல்லூரியில் என்னைப் போல முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள் ஏராளம். எல்லோர் வீட்டிலும் இந்த வார்த்தை ஒரு தடவையாவது கேட்டிருக்கும்.

ஆனால் தோழர்களே, நாம் படித்தது எதற்கு? கரியிலிருந்து தப்பித்து ஓடுவதற்காகவா? அப்படி ஓடினால் படிப்பு நமக்கும் அப்பாவுக்கும் நடுவில் ஒரு சுவராகத்தான் நிற்கும். அவருக்கு வண்டி தெரியும், புத்தகம் தெரியாது. நமக்குப் புத்தகம் தெரியும், பானட்டைத் திறக்க வெட்கம். இரண்டும் சேராததால்தான் ஒரு சின்னப் பல்புக்குப் பம்பரைக் கழட்ட வேண்டும் என்று சொன்னால் நம்ப வேண்டியிருக்கிறது. டிப்ளமோ என்பது கையும் புத்தகமும் சேர்கிற இடம் என்று நான் நினைக்கிறேன். வேறு எந்தப் படிப்புக்கு இல்லாவிட்டாலும் பாலிடெக்னிக் படிப்புக்கு இதுதான் பெருமை.

நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள்

வெறும் பேச்சோடு நிறுத்த எனக்கு விருப்பம் இல்லை. மூன்று யோசனைகள் சொல்கிறேன்.

முதலாவது, மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு சனிக்கிழமை நம் கல்லூரி வாசலில் 'விளக்கு முகாம்' நடத்துவோம். ஆட்டோ, லோடு வண்டி, பள்ளி வேன், வாடகைக் கார் எது வந்தாலும் முன்னும் பின்னும் நின்று விளக்குகளைப் பார்த்துச் சொல்வோம். பல்பு போயிருந்தால் வண்டிக்காரரையே பக்கத்தில் நிறுத்தி, அவர் கையாலேயே மாற்ற வைப்போம். பல்புக் காசு அவருடையது, உழைப்பு நம்முடையது. அக்கம்பக்கத்து எலக்ட்ரீஷியன் அண்ணன்களையும் கூப்பிடுவோம். நமக்குத் தெரியாததை அவர்கள் சொல்லித் தருவார்கள்.

இரண்டாவது, நம் ஊரில் அதிகம் ஓடுகிற வண்டிகளுக்குப் பல்பு மாற்றும் முறையைத் தமிழில், படத்தோடு, ஒரே ஒரு தாளில் எழுதுவோம். இயந்திரவியல் மாணவர்கள் படம் வரையட்டும். நாங்கள் மின்சுற்றைப் பார்த்துக் கொள்கிறோம். கார் ஸ்டாண்டில் கொடுத்தால் அது ஆயிரம் பேருக்குப் போகும்.

மூன்றாவது, வண்டிப் புத்தகம் தமிழிலும் வேண்டும் என்று கையெழுத்து வாங்கி, கார் கம்பெனிகளுக்கும் நுகர்வோர் விவகாரத் துறைக்கும் பேரவையின் பெயரில் அனுப்புவோம். பதில் வருமா என்று தெரியாது. கேட்காமல் எதுவும் வந்ததில்லை என்பது மட்டும் தெரியும்.

இந்த மலரைப் படிக்கும் பெற்றோருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு சின்ன வேலை தருகிறேன், கோபித்துக் கொள்ளாதீர்கள். இன்று சாயங்காலம் உங்கள் வண்டியில் நான்கு விளக்கும் ஒன்றாக எரிகிற ஹஸார்டு ஸ்விட்சைப் போட்டுவிட்டு இறங்கி ஒரு சுற்று சுற்றி வாருங்கள். முன்னால் இரண்டும் ஆம்பர் நிறத்தில் சிமிட்டுகிறதா என்று பாருங்கள். ஒன்று சிமிட்டவில்லை என்றால் ஒர்க்ஷாப்புக்குப் போன் போடும் முன் பானட்டைத் திறங்கள். வீட்டில் பாலிடெக்னிக் படிக்கிற பிள்ளை இருந்தால் அவனையும், அவளையும் கூப்பிடுங்கள். கையில் கொஞ்சம் கரி படட்டும், சோப்புப் போட்டால் போய்விடும்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!